ஈ.சி.ஆர். வேண்டாம்... இருங்காட்டுக்கோட்டைக்கு வாங்க!

காலை ஆறே கால் மணி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், கார்களைத் தயார்செய்யும் பேடாக்கில் நீல நிற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கதவு, டிக்கி எல்லாம் திறந்தபடி நிற்கிறது. ஓட்டி வந்தவர் ஒரு பல் மருத்துவர். நாற்பதைத் தாண்டியவர். காருக்குள் இருப்பதையெல்லாம் எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, மகளின் பாட்மின்டன் மட்டை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள். சீட்டுக்கு அடியில் கை விட்டால் ஒரு பென்சில் டப்பா வருகிறது. கால்மிதிகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன.

சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் இந்த 'ட்ராக் டே'யை நடத்துகிறவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. இங்கே எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான். குனிந்து உள்ளே பார்க்கிறார். டாஷ்போர்டில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார்.

"டாக்டர், இவரு ஒட்டியிருக்காரா, சும்மா உக்காந்திருக்காரா?"

"டபுள் டேப் போட்டிருக்கேண்ணா."

அண்ணா ஒற்றை விரலால் தொடுகிறார். லேசாக ஆடுகிறது. "பத்து மணி வெயில்ல டேப் விட்டுரும். உருண்டு கீழ வந்து பிரேக் பெடலுக்கு அடியில நின்னார்னா என்ன பண்ணுவீங்க? எடுத்து மேடம்கிட்ட குடுங்க."

மருத்துவர் பிள்ளையாரை மெதுவாகப் பெயர்த்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மனைவியிடம் தருகிறார். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் பத்திரப்படுத்துகிறார்.

அந்தக் காரின் சக்தி 400 குதிரைத்திறன். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கும் கிளினிக்குக்குமாகப் போய்வந்ததில் மூன்றாவது கியரைக்கூட முழுசாக இழுத்துப் பார்த்ததில்லை என்கிறார். "ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஈ.சி.ஆர். போவேன் சார். ரெண்டு தடவை நூத்தி எழுபது தொட்டிருக்கேன். ரெண்டாவது தடவை, ஒரு மீன்கார அம்மா கூடையோட ரோட்டோரமா நின்னாங்க. க்ராஸ் பண்ணலை. நின்னாங்க, அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை."

அந்தத் தூக்கம் வராத ராத்திரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வேகமான கார் வைத்திருப்பவர்களைச் சென்னையில் ஒன்றுசேர்ப்பது பெரிய காரியமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் பக்கம் ஒரு ஓட்டல், காலை டிபன் என்று சொன்னால் இருபது கார் வரிசைகட்டி வந்துவிடும். வழியில் அந்த வரிசை என்ன வேகத்தில் போகும் என்பது ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் குப்பங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதே இருபது பேரை, சென்னையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ரேஸ் ட்ராக்குக்கு அழைத்து வருவதுதான் பாடு. நம் மருத்துவரை வரவழைக்க அண்ணாவுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. எத்தனை போன் என்று இருவருக்குமே கணக்கில்லை.

பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பாயும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை சிக்கினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு, 10,000 ரூபாய். சட்டம் வேண்டியதுதான். ஆனால் கோடி ரூபாய் கார் வைத்திருப்பவருக்கு 5,000 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. பயம் காட்டி நிறுத்துவதைவிட, ஓட்ட இடம் காட்டி நிறுத்துவதுதான் நடக்கிற காரியம் என்பது என் கட்சி.

இடம் இருந்தும் ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்? பல வருடங்களாகக் கேட்டுப் பார்த்ததில், முதலில் வரும் பதில் காருக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது. நியாயமான பயம். நம் நாட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு கிடையாது என்று எழுதியே இருக்கிறது. சுவரில் மோதினால் சொந்தக் காசுதான். இதை மறைத்து ஆள் சேர்ப்பவரிடம் போகவே கூடாது. அண்ணா போனில் இரண்டாவது வாக்கியமாகவே இதைச் சொல்லிவிடுவார்.

செலவையும் சொல்வார்கள். நுழைவுக் கட்டணத்தோடு நிற்காது. முழு வேகத்தில் ஓடும் பெரிய என்ஜின் லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் தரும். சாலையில் வருடக்கணக்கில் வரும் பிரேக் பேட் இங்கே சில நாட்களில் காகிதமாகத் தேயும்.

ஆனால் இதையெல்லாம் பேசி முடித்தபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது வேறு. 'எல்லாரும் நல்லா ஓட்டுவாங்க. நான் மட்டும் ஸ்லோவா போனா?' தொழிலில் பெயர் எடுத்தவர்கள், ஐம்பது பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காரை விற்றவர் அந்தக் காரை ஓட்டச் சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியதோடு நம் ஓட்டுநர் கல்வி முடிந்துவிடுகிறது. தனக்குத் தெரியாது என்று நான்கு பேர் முன்னால் தெரிந்துவிடும் என்ற கூச்சம்தான் பெரிய தடை. ஆள் சேர்ப்பவரின் வேலையில் பாதி, இந்தக் கூச்சத்தைக் களைவது.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் ட்ராக் டேயில், புதியவர்களையும் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களையும் ஒரே நேரத்தில் ட்ராக்குக்குள் விட்டார்கள். பின்னால் வந்த கார், வளைவுக்குள் என் இடது கதவுக்கு ஒரு முழம் பக்கத்தில் புகுந்து போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை, கார்கள் வந்து நிற்கும் பிட்டுக்குத் திரும்பியும் நடுங்கிக்கொண்டிருந்தது. நடத்தியவர்கள் வந்து 'என்ன ஆச்சு' என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு வருடம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. அன்று என்னோடு புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் அதன்பிறகு ஒரேயடியாக நின்றுபோனார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அண்ணா நடத்தும் முறை வேறு. ஏழு மணிக்கு எல்லோரையும் நிழலில் உட்காரவைத்துக் கொடிகளைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரையில் ஆயில். சிவப்பு என்றால் செஷன் நின்றுவிட்டது, மெதுவாகப் பிட்டுக்கு வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழி விடு. புதியவர்கள், ஓரளவு தெரிந்தவர்கள், கை தேர்ந்தவர்கள் என்று மூன்று குழு. இருபது நிமிடம் ஒரு குழு ஓடும், மற்ற இரண்டு குழுவும் வெளியே. முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் கையை நீட்டி 'இந்தப் பக்கம் போ' என்று காட்டினால்தான். ட்ராக் டே என்பது ரேஸ் இல்லை என்பதைச் சொல்லிச் சொல்லி அவருக்குச் சலிப்பதில்லை. லேப் டைமை யாருக்கும் அறிவிப்பதும் கிடையாது. புதியவர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுப்பது, குழந்தை கையில் கத்தியைக் கொடுப்பது போல என்பார்.

எட்டரை மணிக்கு மருத்துவரின் முதல் செஷன். பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டோடு அண்ணா. நான்காவது லேப்பில், மெயின் ஸ்ட்ரெய்ட் முடிகிற இடத்தில், தொலைவு காட்டும் பலகையைப் பார்த்து மருத்துவர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். சாலையில் நாம் யாரும் அப்படி மிதிப்பதில்லை; மிதிக்க வேண்டிய நாளில் பாதி மிதித்துப் பயந்து காலை எடுத்துவிடுகிறோம். 'கார் தரையோட ஒட்டிக்கிச்சு சார்' என்றார் பிறகு.

அந்த ஒரு மிதியில் நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90-க்குக் குறைகிறது என்று வையுங்கள். அது இழக்கும் ஆற்றல், வீட்டுக் குழாயில் பிடித்த சுமார் நான்கரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள் சில விநாடிகளில் இறங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்த சூத்திரத்தை இங்கே உள்ளங்காலில் உணரலாம். இதே சூடு லேப்புக்குப் பல தடவை ஏறும்.

அதனால்தான் காலையில் கார்களைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியின்போது பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட்-4 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபிறகு அந்தத் தர அளவு 155 டிகிரிதான். கொதித்துவிட்டால் குழாய்க்குள் குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஏற்காட்டிலோ ஊட்டியிலோ மலை இறங்கும் குடும்பக் காருக்கும் இதே கதைதான்.

செஷனின் கடைசி லேப்பில் பிரேக்கைத் தொடாமல், காற்று வாங்கவிட்டு மெதுவாக வர வேண்டும். உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கிற டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடித்தபடி ஆறினால் அந்த இடத்தில் தடம் விழும், பிறகு பிரேக் அடிக்கும்போதெல்லாம் கார் உதறும். அதனால் மருத்துவரின் கார் வந்து நின்றதும், அண்ணாவின் பையன் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்தான். லாரிக்காரர்கள் மலைப்பாதையில் போடுவார்களே, அதே கட்டை.

காரை இப்படி ஓட்டிப் பார்க்க இடம் இருக்கிற விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்துவைத்த மாநிலம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தியது. அதன்பிறகு சொந்தமாக ட்ராக் கட்டி 1990-ல் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய் என்று நினைக்கிறோம். அந்த நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டதே 1996-ல்தான். கார் தொழிற்சாலைக்கு முன்பே கார் ஓட்டும் இடம் வந்துவிட்ட ஊர் இது.

கோவையின் கதை தனி. மாருதி என்ஜினைப் பொருத்தி, நம் ஊர்ப் பையன்கள் வாங்கி ஓட்டுகிற விலையில் ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய எஸ்.கரிவரதன், 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் வந்தது. அண்மையில் கோவைக்கு அருகே இன்னொரு புதிய ட்ராக்கும் வந்திருக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இரண்டாமவர் கருண் சந்தோக் சென்னைக்காரர். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் மோட்டார் ரேஸிங் முதல்முறையாகப் பேசப்பட்டது! பெங்களூருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி இங்கே வந்து ஓட்டிவிட்டுப் போகிறார்கள். பூந்தமல்லிக்காரர் வராமல் இருப்பதுதான் என் ஆதங்கம்.

ட்ராக் டே செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. அதற்கு வழி இருக்கிறது: ஆட்டோகிராஸ். என் மனசுக்கு மிக நெருக்கமானதும் இதுதான்.

ஒரு பெரிய வெறும் மைதானம், தார் அல்லது கான்கிரீட் தரை, இருநூறு ஆரஞ்சு கோன்கள் போதும். கோன்களை வைத்துக் குறுகலான பாதை அமைக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார். முட்டிக்கொள்ள வேறு கார் கிடையாது, மோதிக்கொள்ளச் சுவரும் கிடையாது. பெரும்பாலும் இரண்டாவது கியர். வேகம் நூறைத் தாண்டுவது அபூர்வம். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் சில வாய்ப்புகள் உண்டு, சிறந்த நேரம் கணக்கில் சேரும்.

ஓட்டும் முன் எல்லோரும் பாதையை நடந்து பார்க்க வேண்டும். நான்கு பேராக, ஐந்து பேராக, கையை ஸ்டீயரிங் போலத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். அந்த நடையில்தான் சிநேகிதம் பிறக்கிறது. 'இங்க முன்னாடியே திரும்பிட்டா அடுத்த கோனுக்கு இடம் பத்தாது' என்று ஒரு கல்லூரிப் பையன் சொல்ல, ரியல் எஸ்டேட் அதிபர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் சாக்பீஸால் சதுரம் வரைந்திருப்பார்கள். கார் உரசி கோன் நகர்ந்தாலும், அடிப்பாகம் கொஞ்சமாவது சதுரத்தைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றால் மன்னிப்பு. சாய்ந்தாலோ, முழுக்க வெளியே போனாலோ தண்டனை. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ. போட்டிகளில் கோனுக்கு இரண்டு விநாடி கூட்டுவார்கள். நூறில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி தீர்மானமாகும் இடத்தில் இரண்டு விநாடி என்பது ஒரு யுகம்.

அந்த அமைப்பு 1944-ல் தொடங்கியது. அதன் தேசிய ஆட்டோகிராஸ் போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பழைய விமானத் தளத்துக் கான்கிரீட் பரப்பில் நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். நம் சோழவரம் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்களிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு மைதானத்தில் நின்று, விழுந்த கோனை நிமிர்த்தி வைக்க வேண்டும். யார் என்ன கார் வைத்திருந்தாலும் விலக்கு இல்லை. வெயிலில் நின்று கோன் பொறுக்கியவருக்குத்தான் ஓட்டும் உரிமை. வேலைக்கு ஆள் வைக்காததால் செலவும் குறைகிறது.

சில மாதங்களுக்கு முன் சென்னைக்கு வெளியே ஒரு மைதானத்தில் பார்த்தது இது. பழைய மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த பையன், கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், அன்று முதல் ஐந்து இடத்துக்குள் வந்தான். அவனைவிட மூன்று மடங்கு குதிரைத்திறன் உள்ள கார்கள் அவனுக்குப் பின்னால். பெரிய கார், குறுகலான பாதையில் முக்கித் திரும்புவதற்குள் ஸ்விஃப்ட் புகுந்து போய்விடுகிறது. டயரில் காற்று எவ்வளவு வைத்தான் என்று கேட்க அவன் காரைச் சுற்றி ஒரு கூட்டம். பெண்கள் ஆறு பேர் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் கணவரைவிட ஒரு விநாடி குறைவாக முடித்தார். கணவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருச்சியில், மதுரையில், திருநெல்வேலியில் ரேஸ் ட்ராக் கட்ட முடியாது. ஆனால் விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் தார் மைதானம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கல்லூரி நிர்வாகங்களும் தொழிற்சாலைகளும் அனுமதி கொடுத்தால், மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் விதிகளை மதித்து, ஆம்புலன்ஸும் தீயணைப்புக் கருவியும் நிறுத்தி, மாதம் ஒரு ஞாயிறு நடத்தலாம். அந்த ஊர்ப் பையன்கள் பைபாஸில் ராத்திரி செய்வதைப் பகலில், பெற்றோர் பார்க்கச் செய்வார்கள். கார் சறுக்கும்போது என்ன செய்வது என்பதை முதன்முதலில் நெடுஞ்சாலையில், எதிரே பஸ் வரும்போது கற்றுக்கொள்ளும் நிலைமை இனியும் தொடர வேண்டுமா?

இருங்காட்டுக்கோட்டையில் மதியச் சாப்பாடு. மருத்துவரின் மனைவி கொண்டுவந்த புளியோதரையும் அண்ணா வீட்டுத் தயிர்சாதமும் ஒரே பெஞ்சில். மூன்று குழுவும் கலந்து உட்கார வேண்டும் என்பது அண்ணாவின் விதி. கை தேர்ந்த குழுவில் ஓடும் ஒருவர், இலையில் மிளகாய் வற்றலை வளைத்து வைத்து, எந்த இடத்தில் வளைவின் உள்முனையான ஏபெக்ஸைத் தொட வேண்டும் என்று மருத்துவருக்குக் காட்டினார். கொடி பிடிக்கும் மார்ஷல்களுக்கு முதலில் சாப்பாடு அனுப்பிய பிறகுதான் இங்கே இலை போட்டார்கள்.

பிற்பகல் மூன்றரை. மருத்துவருக்கு அன்றைய ஓட்டம் முடிந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பிட் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்த வெள்ளைக் கார் ஒன்று தன் முதல் செஷனை முடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. சக்கரத்திலிருந்து லேசான புகை, தீய்ந்த பேட் வாசனை. ஓட்டி வந்த இளைஞர் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கையைக் கீழே கொண்டுபோகிறார். அண்ணாவின் பையன் தொலைவில் வேறு ஏதோ வேலையாக இருக்கிறான்.

மருத்துவர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். "தம்பி, ஹேண்ட்பிரேக் போடாதீங்க! போடாதீங்க, நான் கட்டை வைக்கிறேன்!"